பீடத்தடியில் வைத்த மருந்து

டீ வேண்டாம் என்றதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இன்ஸ்பெக்டர். சர்க்கரை போட்டிருப்பார்கள். பதினோரு வருடமாக எனக்குச் சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். என் மனைவியைத் தவிர சபையில் யாருக்கும் இது தெரியாது.

நான் போதகன். எனக்கு அறவே பிடிக்காதது மாய்மாலம். ஞாயிற்றுக்கிழமை கையை உயர்த்தி 'நம்புகிறேன்' என்பார்கள். கைப்பையைத் திறந்தால் மாத்திரை அட்டை எட்டிப் பார்க்கும். அதற்காகத்தான் பீடத்தடியில் ஒரு கூடை வைத்தேன். உண்மையாக நம்புகிறவர்கள் மருந்தைக் கொண்டுவந்து அதில் போடட்டும் என்றேன். பெரும்பாலும் இருமல் மருந்தும் தைலமும்தான் விழுந்தன. முக்கியமானதை வீட்டில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் வந்தார்கள். முதல் ஞாயிறு நானும் ஓர் அட்டை போட்டேன். தலைவலி மாத்திரை. முன்மாதிரி காட்ட வேண்டாமா?

பாடகர் குழுவில் ஒரு தையல்காரப் பெண். அவளுக்கும் சிறுவயதிலிருந்தே சர்க்கரை. சூதுவாது தெரியாதவள். இன்சுலின், ஊசி, ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு வந்தாள். கூடையின் முன்னால் நின்று, "பாஸ்டர், நீங்க எந்த மருந்தும் எடுக்கிறதில்லைதானே?" என்று கேட்டாள். சந்தேகப்பட்டு அல்ல, மனதைத் திடப்படுத்திக்கொள்ளத்தான். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கர்த்தர்தாம்மா எனக்கு மருந்து" என்றேன். வாய் கொஞ்சம் கூசத்தான் செய்தது.

செவ்வாய் மதியம் அவள் கணவர் கூப்பிட்டனுப்பினார். பஸ் டிரைவர்; யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நின்றார். கட்டிலில் அவளுக்கு மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மூச்சில் அழுகிய பழ வாடை. எனக்கும் ஒருமுறை அப்படி ஆகி ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறேன். வெளியூர் ஊழியம் என்று சபைக்குச் சொல்லியிருந்தோம். அதனால் அவளுக்கு என்ன ஆகிறது என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"பாஸ்டர், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடட்டுமா? நீங்க சொன்னாத்தான் வருவேன்னு காலையிலேர்ந்து பிடிவாதம் பிடிக்கிறா. ஒரு வார்த்தை சொல்லுங்க."

பாடகர் குழு முழுக்க வாசலில் நின்றது. வேதப்புத்தகம் இருந்த அதே பையில்தான் என் இன்சுலினும் இருந்தது.

அவள் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன். "என் மருந்தக் குடுத்துடுங்க பாஸ்டர். பயமா இருக்கு."

"என்ன சொல்றா?" என்று கேட்டார் அவர்.

"ஜெபம் பண்ணச் சொல்றாங்க" என்றேன்.

அவர் நம்பி முழங்கால் போட்டார். நானும் போட்டேன். ஐந்தரைக்கு எழுந்து, கை கழுவ வேண்டும் என்று குளியலறைக்குப் போய் என் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தேன். ஆறு மணிக்கு அவள் உயிர் பிரிந்தது. அடக்க ஆராதனையில், கடைசிவரை விசுவாசத்தில் நிலைத்திருந்தாள் என்று பேசினேன். அழாதவர்கள் இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள். அவளைச் சாகவிட்டது நான்தான். ஒரே ஒரு வேண்டுகோள். கடைசியில் அவள் மருந்து கேட்டதை மட்டும் அவள் கணவரிடம் சொல்லிவிடாதீர்கள். தன் மனைவியும் ஒரு மாய்மாலக்காரிதான் என்று அவர் நினைத்துவிடக் கூடாது.