ஆறாம் பாகத்தின் மூன்றாவது ஆள்

— உங்கடை ஆக்கள் எல்லாரும் சேந்து ஏசினா அவங்கள் பழையதைத் திருப்பிப் போடமாட்டாங்களோ, தம்பி?

— என்ரை ஆக்களோ? ஆர் அக்கா என்ரை ஆக்கள்?

— 'தூரக் கோள்' எண்ட வெள்ளைக்காரற்றை ரீவி நாடகத்திலை பைத்தியமாத் திரியிற ஆக்கள். நீங்கள்தான் இஞ்சை அதுக்குத் தலைவர் எண்டு மயிலிட்டியிலை சொன்னவை. கொக்குவில் ஸ்டேசனடியிலை இறங்கி ஜெறோம் எண்டு கேட்டா ஆரும் காட்டுவினம் எண்டவை.

— தலைவரும் இல்லை, ஒண்டும் இல்லை. பேஸ்புக்கிலை ஒரு பக்கம் நடத்திறன், அவ்வளவுதான். முதல் உந்தக் கதிரையிலை இருங்கோ. உங்கடை பேர்?

— குணலட்சுமி. அம்மாவும் வந்தவ. றோட்டிலை ஓட்டோவுக்கை இருக்கிறா. நான் கதைச்சுப்போட்டு வந்து கூப்பிடுறன் எண்டனான்.

— அப்ப நீங்களும் 'தூரக் கோள்' பாக்கிற ஆளோ?

— போன கிழமை வரைக்கும் பாத்தனாங்கள். பேந்து ஒரு நாள் ஐபாட்டைத் திறந்தா எல்லாம் பளபளவெண்டு கிடக்கு. பழையதைக் காணேல்லை.

— அதுதான் ரீமாஸ்டர் அக்கா. பழைய படச்சுருளைத் தேடி எடுத்து, ஊத்தையெல்லாம் துடைச்சு, கொம்பியூட்டரிலை ஏத்திப் புதுசா விட்டிருக்கினம்.

— ஆர் கேட்டது உதை?

— நாங்கள்தான். வருசக் கணக்காக் கெஞ்சிக் கேட்டம்.

— கெஞ்சிக் கேட்டுப்போட்டு இப்ப என்னத்துக்கு ஏசுகினம்?

— அதைத்தான் நானும் கேக்கிறன். நோர்வேயிலை ஒருத்தர் எழுதிறார், கிரகத்து மண் கோப்பி நிறமாப் போச்சாம். இன்னொருத்தர், விண்கப்பலைக் கட்டித் தூக்கின நூல் தெரியுதாம், சின்ன வயசிலை இருந்து நம்பினதைக் கெடுத்துப்போட்டியள் எண்டு அழாக்குறை. பச்சை மனிசற்றை றப்பர் முகமூடிக்குப் பின்னாலை ஊசி குத்தினது தெரியுதெண்டு வேறை ஒரு சண்டை. மற்றப் பாதிச் சனம் இப்பதான் கண் திறந்தது எண்டு கொண்டாடுது. ஒருத்தரை ஒருத்தர் தின்னுதுகள். நான் நடுவிலை நிண்டு விலக்குப் பிடிக்கிறன்.

— அந்த நூல் தெரியுதெண்டு அழுறவற்றை பக்கம் நான். என்ரை பேரையும் அதிலை எழுதுங்கோ.

— எழுதி ஒண்டும் ஆகாது அக்கா. நாடகக் கொம்பனி அறிக்கை விட்டிட்டுது. ஆர் என்ன சொன்னாலும் இனி இதுதானாம்.

— இனி இதுதானோ?

— ஓம். உங்களுக்கு அதிலை என்ன பிடிக்கேல்லை? கப்பலோ, மண்ணோ?

— மண்ணுக்கை நிக்கிற ஆள். ஆறாம் பாகத்திலை, கந்தல் துணி போர்த்துக்கொண்டு ஒரு கூட்டம் மண்கும்பியாலை இறங்கி வருமெல்லே.

— ஓம், ஓம். மணல்காட்டிலை எடுத்தது. எண்பத்திமூண்டு மாசியிலை. வெள்ளைக்காரருக்கு எங்கடை மண்கும்பியைப் பாக்க வேறை கிரகம் மாதிரித் தெரிஞ்சிருக்கு.

— அதிலை எங்கடை அண்ணையும் நடிச்சவர்.

— உங்கடை அண்ணையோ?

— பார்த்தீபன். அப்ப மீசையும் வடிவா முளைக்கேல்லை. ஆள் தேவையாம் எண்டு கேள்விப்பட்டு மயிலிட்டியிலை இருந்து லொறியிலை ஏறிப் போனவங்களோடை போனவர். பின்னேரம் வரேக்கை தலைமயிரெல்லாம் மண். வெள்ளைக்காரன் குடுத்ததெண்டு ஒரு போத்தல் ஜாம் கொண்டு வந்தவர். நாங்கள் அதைப் பாணுக்குப் பூசாமல் விரலாலை தொட்டுத் தொட்டுத் திண்டனாங்கள்.

— இப்ப எங்கை அவர்?

— எண்பத்தேழிலை கடற்தொழிலுக்குப் போனவர், வரேல்லை. கடல் கொண்டுபோனதோ, ஆரும் கொண்டுபோனதோ, இண்டைக்கும் தெரியாது. தொண்ணூறிலை ஊரைவிட்டு ஓடேக்கை உடுத்த உடுப்போடை ஓடினனாங்கள். அண்ணையின்ரை படம் ஒண்டும் கொண்டு வரேல்லை. திரும்பிப் போகேக்கை படம் கொழுவின சுவரே அங்கை இல்லை.

— அப்ப உந்த ஆறாம் பாகம்தான்...

— உதுதான் எங்களுக்கு மிச்சம். பாரிசிலை இருக்கிற என்ரை மகள் தர்சினி தேடி எடுத்து ஐபாட்டிலை போட்டுத் தந்தவள். பாத்த உடனை அம்மா, மூண்டாவதா வாறவன் என்ரை பிள்ளை எண்டா. முகம் எண்டு சொல்ல ஒண்டும் இல்லை பாருங்கோ, ஒரு புகைதான். எண்டாலும் அண்டையிலை இருந்து மத்தியானம் சோத்தைப் போட்டா முதல் அதைப் போடச் சொல்லுவா. "சாப்பிட்டியோ மோனை" எண்டு கேட்டுப்போட்டுத்தான் தான் வாய் வைப்பா.

— இப்ப?

— இப்ப முகம் தெரியுது.

— ஓம். தெரியுது.

— அது அண்ணை இல்லை, தம்பி. ஆரோ வயசு கூடின ஆள். கட்டை மீசை, கன்னத்திலை குழி. நல்ல முகம்தான், பாவம். அம்மா கிட்டக் குனிஞ்சு பாத்தா. "இவன் ஆர்? என்ரை பிள்ளையை எங்கை கொண்டுபோய் விட்டவங்கள்?" எண்டு கேட்டா. சோத்துக் கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பினவதான். ரெண்டு வாய் கஞ்சியோடை கிடக்கிறா.

— நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

— கொம்பனிக்காரன் முகத்தை மாத்திப்போட்டான் எண்டு சொன்னனான்.

— அக்கா, அவை ஒருத்தற்றை முகத்தையும் மாத்தேல்லை. இருந்ததைத்தான் துடைச்சு விட்டிருக்கினம்.

— எனக்குத் தெரியாதே? அம்மா கோயிலுக்குப் போன நேரம் ஒவ்வொரு முகமா நிப்பாட்டிப் பாத்தனான். அண்ணை ஒண்டிலையும் இல்லை. வெட்டி எறிஞ்சாங்களோ, துணியாலை மூடிக்கொண்டு நடந்தவரோ. ஆனா அம்மாவிட்டைப் போய் உன்ரை பிள்ளை இதிலையும் இல்லை எண்டு சொல்ல என்ரை வாய் வரேல்லை. பழையது ஒண்டு உங்களிட்டை இருக்குமெண்டு நம்பித்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்.

— இருக்கு. வீடியோ ரேப்பிலை இருந்து ஏத்தி வைச்சிருக்கிறன்.

— அப்பாடா. முருகா. அதைத் தாங்கோ தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஏன், என்ன யோசிக்கிறியள்?

— ஒண்டும் இல்லை.

— தர விருப்பமில்லையெண்டா சொல்லுங்கோ.

— ஐயோ, அப்பிடியில்லை. அக்கா, நான் பிறந்தது மணல்காட்டிலை.

— ஓம், அதுக்கென்ன?

— எங்கடை ஊர் ஆக்கள் கனபேர் அதிலை நடந்தவை. என்ரை அப்பாவும் நடந்தவராம். எந்த ஆள் எண்டு ஆராலையும் சொல்ல ஏலேல்லை. நான் தவழுற வயசிலை அவரும் கடலோடை போயிட்டார். வீட்டிலை ஒரு கலியாணப் படம் இருந்தது. பிறகு சுனாமி வந்து அதையும் கொண்டு போட்டுது. அதுக்குப் பிறகுதான் எனக்கு உந்தப் பைத்தியம் பிடிச்சது. கொம்பனிக்கு எழுதினது, ஊரெல்லாம் கையெழுத்துச் சேத்தது, ஒண்டும் விண்கப்பலுக்காக இல்லை. அந்தப் புகை ஒருக்கா விலகட்டும் எண்டுதான்.

— விலகினதோ?

— விலகினது. முதல் வேலையா அம்மாவுக்குக் காட்டினனான். அவ திரையைத் தொட்டுப்போட்டு அந்தக் கையை வாயிலை வைச்சுக் கொஞ்சினவ.

— கடவுளே. எந்த ஆள் தம்பி?

— கன்னத்திலை குழி உள்ள ஆள்.

— மூண்டாவது...

— ஓம் அக்கா.

— அப்ப எங்கடை அம்மா இவ்வளவு காலமும் சாப்பிட்டியோ எண்டு கேட்டது உங்கடை...

— அழாதேங்கோ அக்கா. எனக்கு அதிலை கோவம் ஒண்டும் இல்லை. அவரை ஒரு ஆளெண்டாலும் நெடுகக் கேட்டிருக்கு. நாங்கள் ஆரெண்டு தெரியாமல் சும்மா பாத்துக்கொண்டிருந்தனாங்கள்.

— நான் போறன் தம்பி. இதை உங்களிட்டை வந்து கேட்டதே பிழை.

— நில்லுங்கோ. எனக்குத் தெளிவானது இருக்கு. மங்கலானது உங்கடை அம்மாவிட்டை இருக்கட்டும்.

— உங்கடை அப்பாவை எங்கடை அண்ணை எண்டு சொல்லித் தரப்போறியளோ? மனம் நோகாதோ?

— நோகும்தான். அதுக்காக ஒரு வயசு போன மனிசியைப் பட்டினி போடுறதோ?

— அவவுக்கு ஒண்டும் காட்டிக்கொள்ளாதேங்கோ. பழையது கிடைச்சிட்டுதெண்டு மட்டும் சொல்லுங்கோ.

— வேறை ஒண்டும் சொல்லமாட்டன். ஓட்டோவுக்கை வேகப்போறா, நீங்கள் உந்தக் கொம்பியூட்டருக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப் போடுங்கோ. நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்.

— கவனம், அவவுக்கு முழங்கால் ஏலாது.

— வாங்கோ அம்மா. என்ரை கையைப் பிடியுங்கோ. மெல்ல. ஒரு படி கிடக்கு.

— நீர்தானோ தம்பி உந்தப் படக்காரன்?

— நான்தான் அம்மா. இதிலை இருங்கோ. உங்கடை பழைய படத்தை எடுத்து வைச்சிருக்கிறன்.

— என்ரை பிள்ளையை மாத்திப்போட்டாங்கள் எண்டு இவள் சொன்னாள்.

— ஓம் அம்மா. இது மாத்தாதது.

— அம்மா, கண்ணாடியைப் போடுங்கோ. இஞ்சை, மண்கும்பி தெரியுதோ? ஆக்கள் வருகினம். அந்தா, அண்ணை. நிப்பாட்டட்டோ?

— நிப்பாட்டாதை பிள்ளை. நடக்கட்டும்.

— அண்ணைதானே அம்மா?

— பொறு. திரும்பப் போடு.

— பழையதேதான் அம்மா. ஒண்டும் மாறேல்லை, வடிவாப் பாருங்கோ.

— வடிவாத்தான் பாக்கிறன். தம்பி, நீரெல்லோ இப்ப ஓட்டோவடிக்கு வந்தனீர்?

— ஓம் அம்மா, நான்தான்.

— நீர் கேற்றாலை வரேக்கை பாத்துக்கொண்டிருந்தனான். இடத்தோளைச் சரிச்சுக்கொண்டு, அந்தக் கையை வீசாமல்.

— அது... சின்னனிலை இருந்தே என்ரை நடை அப்பிடித்தான் அம்மா.

— உதிலை மூண்டாவதா வாற ஆளைப் பாரும். உம்மடை அப்பரும் அப்பிடித்தான் நடந்து வாறார்.