குதிகாலில் ஒரு மன்னிப்பு

இந்த டம்ளரை ஒரு தடவை கழுவிவிட்டுக் குடிக்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள் டாக்டரம்மா. அடுத்தவர் வாய் வைத்தது எனக்கு ஆகாது.

நேற்று மதியம் என் கை வழியாக எந்தக் குழந்தை வீட்டுக்குப் போனது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். போனைக் கையில் பிடித்துக்கொண்டே நிற்கிறீர்கள். ஆனால் எதையும் நடுவிலிருந்து ஆரம்பித்தால் ஆளைத் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். கொஞ்சம் உட்காருங்கள்.

மூன்றாவது மாடி, பிரசவ வார்டு வாசல், லிஃப்டுக்கு எதிரே ஒரு மேசை. பதினோரு வருடமாக அதுதான் என் இடம். உள்ளே வருகிறவர்களிடம் காவலாளி மூன்று கேள்வி கேட்க வேண்டும். காய்ச்சல் உண்டா, சளி இருமல் உண்டா, உதட்டில் புண் உண்டா. மற்றவர்கள் கேட்பார்கள், பதிலைக் காதில் வாங்க மாட்டார்கள். நான் சொந்தச் செலவில் ஒரு டார்ச் வாங்கினேன். மேலுதடு, கீழுதடு, இரண்டு ஓரம். மீசைக்காரர்கள் மீசையைத் தூக்கிக் காட்ட வேண்டும். வார்டில் எனக்கு 'டார்ச்' என்று பெயர் வந்தது அப்படித்தான்.

ஒரு புதுத் தகப்பன் சண்டைக்கே வந்துவிட்டான். "அண்ணே, நான் புள்ளையப் பாக்க வந்தேன், பல்லு காட்ட வரல."

"பல்லு யாருக்கு வேணும்? உதட்டைக் காட்டு."

"அது சவரம் பண்றப்ப வெட்டிக்கிட்டதுண்ணே."

"காயட்டும். ரெண்டு நாள் கழிச்சு வா. அதுக்குள்ள உன் புள்ள காலேஜுக்கா போயிடப் போகுது?"

வரிசையே சிரித்தது. பெரிய டாக்டர் ஒரு நாள் லிஃப்டிலிருந்து தும்மிக்கொண்டே வந்தார். குறுக்கே நின்றேன். "யோவ், நான் யாருன்னு தெரியுதா?" என்றார். "தெரியுது சார், தும்மினவர்" என்றேன். அந்த வருடம்தான் சிறந்த ஊழியர் என்று இந்தக் கைக்கடிகாரத்தைக் கொடுத்தீர்கள். நல்ல கடிகாரம். இப்போது மணி பத்தே கால்.

ஊழியர்களுக்கு நீங்கள் எடுத்த வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெரியவர்களுக்கு உதட்டுப் புண் வெறும் புண்தான். பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு அந்தப் புண்ணில் இருக்கிற வைரஸ் ஈரலுக்கும் மூளைக்கும் போய்விடும் என்றீர்கள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. 'குழந்தையின் முகத்தில் முத்தமிடாதீர்கள்' என்று சுவரில் ஒட்டியிருக்கிறதே, அது என் கையெழுத்துதான்.

எனக்கும் உதட்டோரத்தில் வரும். அது சூட்டுக் கொப்புளம். தண்ணீர் குறைவாகக் குடித்தால் வரும், கவலைப்பட்டால் வரும். என் உடம்பு எனக்குத் தெரியாதா? மேலும், அந்த மூன்று கேள்வி பார்வையாளர்களுக்கு. மேசைக்குப் பின்னால் உட்காருகிறவனிடம் கேட்கச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை.

குழந்தை வீட்டுக்குக் கிளம்பும்போது காலில் கட்டிய பட்டையின் எண்ணையும் சீட்டில் உள்ள எண்ணையும் நான் ஒத்துப் பார்க்க வேண்டும். தாய் சக்கர நாற்காலியில் இருப்பாள், தகப்பன் பைகளை லிஃப்டில் ஏற்றிக்கொண்டிருப்பான். குழந்தையின் பாதம் என் கையில் இருக்கும். அந்தக் குதிகாலில் ஒரு சின்ன வட்டப் பிளாஸ்திரி. ரத்தப் பரிசோதனைக்காக நீங்கள் குத்திய இடம்.

யோசித்துப் பாருங்கள். உலகத்துக்கு வந்து இரண்டே நாள். யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாத ஜீவன். அதை ஊசியால் குத்திவிட்டு, ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்கு அனுப்புகிறோம். எனக்கு அது மரியாதையாகப் படவில்லை. அதனால் பிளாஸ்திரியை மெதுவாக உரித்து, முகக்கவசத்தை இறக்கி, குத்திய இடத்தில் ஒரு முத்தம். நிர்வாகத்தின் சார்பில் ஒரு மன்னிப்பு, அவ்வளவுதான். பிறகு புதுப் பிளாஸ்திரி ஒட்டிவிடுவேன். சுத்தத்தில் நான் குறை வைப்பதில்லை.

நர்ஸம்மா ஒரு தடவை பார்த்துவிட்டு, "என்ன டார்ச் அண்ணே, நம்பர் தெரியலையா? இப்படி மூக்கு இடிக்கிற மாதிரி குனியறீங்க, கண்ணாடிய மாத்துங்க" என்றார். மாற்றினேன். இப்போது காயம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

போன மாதம்தான் முதல் குழந்தை காய்ச்சலோடு திரும்பி வந்தது. பிழைத்துக்கொண்டது. இரண்டாவது வலிப்போடு வந்தது. ஆறு நாள்தான் உயிரோடு இருந்தது. அப்போது நீங்கள் என் மேசையருகே வந்து, "கொப்புளம் முதல்ல குதிகால்ல வந்திருக்கு. குதிகால்ல போய் யார் முத்தம் கொடுப்பாங்க?" என்றீர்கள்.

"அதானே டாக்டரம்மா" என்றேன்.

அப்போதுதான் அந்த இரண்டாவது குழந்தையின் அத்தையைப் பற்றி உங்களிடம் சொன்னேன். உதட்டில் புண்ணோடு வந்தவள், வாசலிலேயே திருப்பி அனுப்பினேன், அது நிஜம். அவள் அழுதுகொண்டே வந்து, அண்ணன் முன்னால் என் கையைப் பிடித்தாள். "நீங்கதானே என்னத் திருப்பி அனுப்பினீங்க? நான் உள்ளயே போகலன்னு இவர்கிட்ட சொல்லுங்கண்ணே."

"அனுப்பினேம்மா. அப்புறம் நீ எங்க போனேன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? படிக்கட்டுன்னு ஒண்ணு இருக்கே."

நான் பொய் சொல்லவில்லை. இந்தக் கட்டடத்தில் படிக்கட்டு இருக்கிறது. அண்ணன் அவளிடம் அதற்குப் பிறகு பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். திருப்பி அனுப்பிய அன்று குழந்தைக்கென்று அவள் கொடுத்துவிட்டுப் போன கம்பளித் தொப்பி இன்னும் என் டிராயரில் இருக்கிறது. கிருமி இருக்கும் என்று உறை போட்டு வைத்திருக்கிறேன்.

தெரிந்த பிறகாவது நிறுத்தியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. அதையும் யோசித்தேன். திடீரென்று நிறுத்தினால் நானே என்மேல் பழி போட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஒரு குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த குழந்தையிடம் கேட்காமல் இருப்பதும் நியாயமில்லை. இந்தக் குழந்தைகளை நினைத்து நினைத்துக் கவலையில் எனக்குக் கொப்புளம் ஆறவே இல்லை. வேளாவேளைக்குக் களிம்பு போட்டேன்.

மூன்றாவது குழந்தை கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. அதன் குதிகாலைப் பார்த்துவிட்டுத்தான் இன்று காலை என் முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னீர்கள். என் டார்ச்சை எடுத்து என் உதட்டிலேயே அடித்தீர்கள். பதினோரு வருடத்தில் அந்த வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது அதுதான் முதல் தடவை. கண் கூசியது. இனிமேல் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். மூன்று குழந்தைகளுக்கும் கொடுத்தது நான்தான். இரண்டாவது குழந்தை திரும்பி வந்த பிறகு தெரிந்தேதான் கொடுத்தேன்.

நேற்று மதியம் போனது ஏழாம் படுக்கை. காய்ச்சல் வருவதற்கு முன்பே மருந்தை ஆரம்பித்துவிட்டால் பிழைக்க வழி இருக்கிறது என்று நீங்கள் வந்ததிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டீர்கள். அவர்கள் போன் நம்பர் எழுதிய சீட்டை இன்னும் ஆபீஸில் கொடுக்கவில்லை; அது என் டிராயரில், அந்தத் தொப்பிக்கு அடியில் இருக்கிறது. ஒரு குழந்தை என்று நினைத்துக் கூப்பிடாதீர்கள். இரட்டைப் பெண் குழந்தைகள். மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு இளையவளை விட மனம் வரவில்லை. தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பித்தான் கொடுத்தேன்.

ஓடாதீர்கள் டாக்டரம்மா, தரை ஈரமாக இருக்கிறது. அறிக்கையில் ஒரு வரியை மட்டும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள். பதினோரு வருடத்தில், உதட்டில் புண்ணோடு வந்த ஒருவர்கூட என்னைத் தாண்டி உள்ளே போனதில்லை.