அரிசி மூட்டை விழுந்த காயம்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மகளுக்குச் சம்பந்தம் பேச வேங்கிக்கால் போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"அரிசி மூட்டை விழுந்தா தொடையில ஓட்டை விழுமாங்க?" என்றார் மனைவி.

"பட்டாளத்துல ஸ்டோர்ல இருந்தேன்னு சொல்லியாச்சு. வேற என்ன சொல்றது? ரகசியப் படையில இருந்தேன், தீவிரவாதி சுட்டான்னா?"

மெதுவாகத்தான் சொன்னார். எனக்கும் கேட்டது.

"போன தடவை வந்தவங்க வேட்டி விலகினப்ப பார்த்துட்டு, போலீஸ் சுட்ட ரவுடின்னு நினைச்சு எழுந்து போயிட்டாங்க."

"இன்னைக்கும் மூட்டைதான்."

"வேணாம். இவங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் பொண்ணு கேக்கறாங்க."

"யார் சொன்னது?"

"நீங்கதான். தூக்கத்துல இந்தியில பேசறீங்க. நான் பக்கத்து வீட்டு பாயம்மாகிட்ட அர்த்தம் கேப்பேன். அவங்கதான் மாப்பிள்ளை வீட்ல சொல்லிட்டாங்க."

"வேற யார்கிட்ட சொன்னாங்க?"

"தெரியலைங்க. டீக்கடையில எழுந்து எடம் விடறாங்களே, அரிசி மூட்டைக்கா?"

அவர் திரும்பி, பஸ்ஸில் இருந்த ஒவ்வொருவர் முகத்தையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முறை வருவதற்குள் நான் கண்களை மூடிக்கொண்டேன்.