ஆபிதாவின் கழுத்தில் கிடந்தது

எனக்குக் கூட்டம் ஆகாது ஐயா. மாதா கோயில் திருவிழாவானாலும் ஓரமாக நின்று பூசை கண்டுவிட்டுத் திரும்பிவிடுகிற ஆள். அப்படிப்பட்டவனை வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பினார்கள்.

பெயர் ஸ்தனிஸ்லாஸ். திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் ரேடிய ஊசிகளுக்குப் பொறுப்பாளன். புற்றுக்கட்டிக்குள் செருகி வைக்கும் ஊசிகள் அவை. ஓர் அங்குல நீளம், வெள்ளி போல மின்னும், ஒரு முனையில் நூல் கோர்க்கத் துளை. அறுபத்தொன்றாம் வருஷம் கார்த்திகையில் ஒன்று, கட்டுத் துணியோடு குப்பைக்குப் போய்விட்டது. உதறிப் பார்க்காமல் எறிந்தவன் நான்தான். சாப்பாட்டு நேரம், நல்ல பசி. பிறகு விசாரித்தபோது, நோயாளி பிடுங்கி எறிந்திருப்பார் என்று சொல்லி வைத்தேன். அவரும் அதற்குள் இறந்துபோயிருந்தார்.

சென்னையிலிருந்து தர்மராஜ் என்ற அதிகாரி, கதிர்வீச்சு இருந்தால் டிக் டிக்கென்று ஒலிக்கும் கருவியோடு வந்தார். ஊசியை எடுத்தவர் யாரானாலும் திருவிழாக் கூட்டத்துக்கு வராமல் இருக்கமாட்டார் என்பது அவர் கணக்கு. கருவியை என் தோளில் மாட்டி, அதன் ஹெட்போனை என் காதில் வைத்தார்.

மொட்டைக் கோபுரத்தருகே, எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டிருந்த சாரா பீவியின் பக்கத்தில் போனதும் ஹெட்போனில் கடுகு பொரிந்தது. அவள் மடியில் நாலு வயது மகள் ஆபிதா. கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் என் ஊசி. அதன் கீழே காலணா அளவுக்குச் சிவந்த புண்.

"குப்பைமேட்டுல கிடைச்சுதுங்க. உள்ள ஏதோ ஓதி அடைச்சிருக்காங்க, திறக்கவே முடியல. பிள்ளைக்குக் காவலா இருக்கட்டும்னு பிஸ்மி சொல்லிக் கட்டிட்டேன்" என்றாள். பிறகு, "இந்தப் புண்ணுதான் ஆற மாட்டேங்குது. கழட்டிடவாங்க?"

தர்மராஜ் பத்தடி தள்ளி நின்றார். ஹெட்போன் என் காதில் மட்டும். ஊசி கிடைக்காவிட்டால் எனக்கு ஒரு மெமோ. அந்தப் புண்ணோடு கிடைத்தால் ஜெயில். எனக்கு இரண்டு பெண்கள். நீங்களும் தகப்பன்தானே.

"வேணாம்மா, இருக்கட்டும். நல்லதுதான்" என்றேன். தர்மராஜிடம், "இங்க ஒண்ணும் இல்லீங்க சார்" என்றேன். அவ்வளவு கூட்டத்தில் பீதி கிளம்பாமல் காத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாளே போய் வாங்கிவிடத்தான் நினைத்தேன். கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. பிறகு பொங்கல்.

மாசியில் சாரா பீவியே ஆபிதாவை எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தாள். நெஞ்செலும்பு வெளியே தெரிந்தது. தெரிந்த முகமாயிற்றே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டர் வருமுன் கயிற்றை அறுத்து, ஊசியை ஈயப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

மூன்றாம் நாள், குழந்தையின் உயிர் பிரிவதற்குச் சற்று முன், சாரா பீவி என் காலில் விழுந்தாள். "அந்தத் தாயத்தத் திருப்பிக் கட்டிவிடுங்க. அதக் கழட்டினதாலதான் பிள்ளைக்கு மூச்சு இழுக்குது. நீங்கதானே நல்லதுன்னு சொன்னீங்க."

நான் கொடுக்கவில்லை. தெரிந்துகொண்டே அதை ஒரு குழந்தையின் கழுத்தில் கிடக்கவிடும் அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை ஐயா.