சகாயமேரி டீச்சரின் ஈர்க்குக் கட்டு

சகாயமேரி டீச்சர் போன வியாழக்கிழமை காலை, பள்ளிக்கூட வாசலில், நேரங்கழித்து வரும் பிள்ளைகளின் பெயரை எழுதும் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார்.

மேடையில் இருக்கும் பெரியோர்களே, தாளாளர் ஜெர்சன் அவர்களே, பெற்றோர்களே, அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகளே! நான் நல்லகாமன். சோழவந்தான் வெற்றிலை வியாபாரி. இரங்கல் கூட்டத்தில் நல்லதை மட்டும் பேச வேண்டும் என்பார்கள். நான் கேட்கிறேன்: இருபத்தெட்டு வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவர் வாசல் ஸ்டூலுக்கு எப்படி வந்தார்?

ஈர்க்குச்சியால் வந்தார்! பத்துக் குச்சியை எண்ணி வாழைநாரால் கட்டினால் ஒரு கட்டு, மிச்சம் உதிரி. எண்களை அப்படித்தான் பிள்ளைகள் கையில் கொடுத்தார். "வெளக்கமாத்துக் குச்சிக்கா பீஸ் கட்டுறோம்?" என்று போன ஜூனில் பெற்றோர்கள் மனு எழுதினார்கள். தாளாளர் அந்தக் கட்டுகளைக் கிணற்றடியில் போட்டுக் கொளுத்தினார். வகுப்பில் டிவி மாட்டினார். டீச்சரை வாசலுக்குத் தள்ளினார். அந்த மனுவில் ஏழாவது கையெழுத்து யாருடையது? என்னுடையது!

ஆகஸ்டில் ஒருநாள், ஒன்றாம் வகுப்பில் இருக்கும் என் மகள் மீனாவை நேரங்கழித்துக் கொண்டுபோய் விட்டேன். டீச்சர் பெயரை எழுதிக்கொண்டே கேட்டார்.

"இருபத்தொம்போது பெருசா, முப்பத்தொண்ணு பெருசா தாயி?"

"இருபத்தொம்போதுதான். அதுலதான ஒம்போது இருக்கு!"

வியாபாரி மகள்! எனக்கு மானம் போனது. டீச்சர் சிரிக்கவில்லை. வாசல் விளக்குமாற்றிலிருந்து குச்சிகளை உருவினார்.

"அண்ணே, ஒங்க வெத்தலக் கட்டுலருந்து கொஞ்சம் நார் குடுங்க."

ஒருபக்கம் இரண்டு கட்டு, ஒன்பது உதிரி. மறுபக்கம் மூன்று கட்டு, ஒரே ஒரு உதிரி. விளக்குமாறு பாதி மொட்டை!

"மொதல்ல கட்ட எண்ணு தாயி. கட்டு கூட இருக்க பக்கந்தான் பெருசு. கட்டு சமமா இருந்தாத்தான் உதிரியப் பாக்கணும்."

மீனா எண்ணினாள். "அப்ப இந்த ஒம்போது சும்மா பந்தா காட்டுதா டீச்சர்?"

நான் மெல்ல, "டீச்சர், அந்த மனுவுல..." என்று இழுத்தேன்.

"தெரியும்ணே. ஏழாவது நீங்க. நாளைக்காச்சும் சீக்கிரம் கூட்டியாங்க."

அந்தப் பேச்சு என்னை விடவில்லை. தாளாளரை மட்டும் நான் விடுவேனா? ஐயா, உங்கள் டிவி உதிரி! அந்த அம்மாவின் இருபத்தெட்டு வருடம்தான் கட்டு! எண்ணத் தெரியாத கைதான் அதைக் கொளுத்தியது!

பள்ளி விளையாட்டு மைதானம் என் நிலம். மே மாதத்தோடு குத்தகை முடிகிறது. நேற்றுக் கடைக்கு வந்து, "வாடகைய எம்புட்டு வேணாலும் ஏத்திக்கங்கண்ணே" என்றார் தாளாளர். எனக்கு வேண்டியது வாடகையா?

டீச்சரின் வேலை நிற்காது. அதற்கான குத்தகைப் பத்திரம் இதோ, தாளாளரும் நானும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. எல்லார் காதிலும் விழட்டும்: குத்தகை மூன்று வருடம். பழைய வாடகைதான், ஒரு ரூபாய் ஏறாது. அதற்கு ஒரே நிபந்தனை: ஒன்றாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்பது கட்டு, ஒன்பது உதிரி. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் அன்று, பிள்ளைகள் பார்க்க, அதே வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து தாளாளர் தன் கையால் எண்ணிக் கட்ட வேண்டும். நார் என் செலவு. ஏழாவது கையெழுத்துக்காரன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கட்டுவான்.