சந்தனம் பூசிய தகடு

வீட்டில் கார் வேலை பார்க்கிறவர்கள் பேரிங் கழற்றுகிற பிரஸ் வாங்கும்போது டன்னைப் பார்த்து ஏமாந்துவிடுவார்கள். பத்து டன், பன்னிரண்டு டன் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். பார்க்க வேண்டியது அதை இல்லை, மேடம். கூடவே வருகிற இரண்டு தகடுகளைப் பார்க்க வேண்டும்.

நான் வாங்கியது பன்னிரண்டு டன். இருப்பதிலேயே மலிவு. ஆளுயர இரும்புச் சட்டம், நடுவில் ஜாக்கி, கீழே ஒரு குறுக்குச் சட்டம். அதன்மேல் இரண்டு தடித் தகடுகளை வைத்து, தகட்டின்மேல் சாமானை வைத்து, கைப்பிடியை அடித்தால் ஜாக்கி இறங்கி அழுத்தும். துருவேறி இறுகின வீல் பேரிங்கை நாள் பூராவும் சுத்தியலால் அடிப்பதற்குப் பதில் பத்து நிமிடத்தில் கழற்றிவிடலாம். எங்கள் பக்கம் உப்புக் காற்று. திருமலைராயன்பட்டினத்தில் வீட்டுக்கு ஒருத்தர் துபாய், சவூதி என்று போயிருப்பார். கார் வாசலிலேயே நின்று துருப்பிடிக்கும். பேரிங் வேலைக்குப் பஞ்சம் கிடையாது.

மலிவு பிரஸ்ஸோடு வருகிற தகடு வார்ப்பிரும்பு. வளைந்து காட்டாது. தாங்குகிற வரை தாங்கும், பிறகு கண்ணாடி மாதிரி வெடிக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்திருக்கிறேன். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். முடித்ததும் ஒரு ஷோரூமில் வேலை கிடைத்தது. வண்டியைத் தொட விடவில்லை. வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கச் சொன்னார்கள். எட்டு மாதத்தில் விட்டுவிட்டு, கோட்டுச்சேரியில் வீட்டை ஒட்டியே தகரக் கொட்டகை போட்டேன். பிரஸ் வந்த மறுவாரம் காரைக்கால் லேத்துப் பட்டறையில் நின்று எஃகில் இரண்டு தகடு வெட்டி வாங்கினேன். பிரஸ்ஸோடு வந்ததை ஓரமாகப் போட்டேன். அதில் ஒன்றில் விரல் நீளத்துக்கு விரிசல் இருந்தது.

தமிழ்வேந்தன் என் அண்ணன். பத்தாவதோடு நின்றவன். அதைக் குறையாகச் சொல்லவில்லை. வேன் நன்றாக ஓட்டுவான். கொட்டகையில் அவன் வேலை, வருகிறவர்களிடம் பேசுவது. பொம்பளை மாட்டின சக்கரத்தை நம்பி வண்டி ஓட்ட யாரும் தயாராக இல்லை. அதனால் அப்படி ஒரு ஏற்பாடு. நானும்தான் ஒப்புக்கொண்டேன்.

பட்டினத்து ஜெகபர் அலி பாய் வண்டியை எடுக்க வந்தவர், ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"சத்தமே இல்லப்பா. யாரு பாத்த வேல?"

"நாந்தான் பாய்" என்றான் அண்ணன்.

"தங்கச்சி கையெல்லாம் கிரீஸா இருக்கே?"

"அது ஸ்பானர் எடுத்துக் குடுக்கும் பாய். படிச்ச புள்ளைல்ல, நம்பரு சொன்னா கரெக்டா எடுத்துரும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வேலையைப் பார்த்துத்தான் பாய் அவனுக்கு மெயின் ரோட்டில் கடை போட இடம் தருகிறேன் என்றார். அன்று சாப்பிடும்போது அண்ணன் சொன்னான்.

"விஜயதசமி அன்னைக்கு காலையில இங்க ஒரு வேலையத் தொட்டுட்டு, மத்தியானம் பிரஸ்ஸ புதுக் கடைக்கு ஏத்திடுறேன். பாயும் வர்றேன்னுருக்காரு."

"அது நான் வாங்குனதுண்ணே."

"யாரு இல்லேன்னா? கல்யாணமாயிப் போறப்ப சீரோட சீரா தூக்கிட்டுப் போவப் போறியா?"

அண்ணி அஞ்சுகத்துக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. கொட்டகையை என்ன செய்வது என்று கேட்டேன். விறகு போட்டுக்கொள்ளலாம் என்றான். பிரஸ் போனால் பேரிங் வேலை போகும். அது போனால் நான் மறுபடியும் யாருக்காவது தண்ணீர் கொடுக்க வேண்டியதுதான்.

சரி, பிரஸ்ஸை அவனே எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தேன். எஃகுத் தகடு என்னுடையது. அதைக் கழற்றி என் பீரோவில் வைத்தேன். பிரஸ்ஸோடு வந்ததைப் பிரஸ்ஸிலேயே வைத்தேன். இதுவரைக்கும் நியாயம்தானே.

ஆயுத பூஜைக்கு சாமான்களைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது வருஷாவருஷம் என் பொறுப்பு. சுத்தியலுக்கு, ஜாக்கிக்கு எல்லாம் மூன்று பொட்டு. தகட்டுக்கு மட்டும் பட்டையாக இழுத்தேன். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தால் விரிசலுக்குள் நன்றாக இறங்கிக் காயும். பூஜையில் வைத்த சாமானை அன்றைக்கு யாரும் தொட மாட்டார்கள். மறுநாள் வேலைக்கு எடுக்கும்போதும் சந்தனத்தைத் துடைக்க மாட்டார்கள். அண்ணன் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

விஜயதசமி காலையில் அண்ணியை அம்பகரத்தூர் கோயிலுக்கு பஸ் ஏற்றிவிட்டேன். புதுக் கடை நல்லபடியாக நடக்க வேண்டிக்கொள்ளச் சொன்னேன். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பத்து மணிக்குப் பாய் வந்தார். அண்ணன் அதுவரை பிரஸ்ஸின் கைப்பிடியைப் பிடித்ததே கிடையாது. பாய் முன்னால் பிடித்தாக வேண்டும். கொட்டகையில் கிடந்த, பேரிங் உட்காருகிற வீல் ஹப்புகளில் அதிகம் துருவேறினதை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பாய் குனிந்து பார்க்கப் போனார்.

"டீ ஆறுது பாய், இங்கிட்டு வந்து குடிங்க" என்று வெளியே கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு, கொட்டகை வாசலில் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

அண்ணன் அடித்துப் பார்த்தான். வியர்த்துவிட்டது. பாய்க்குக் கேட்காமல் மெல்லக் கேட்டான்.

"அசைய மாட்டேங்குதே. இன்னும் அடிக்கவா?"

வேலை விஷயமாக அவன் என்னிடம் கேட்டது வாழ்க்கையில் அது ஒருமுறைதான்.

"அடிண்ணே" என்றேன்.

தகடு வெடித்தது. தெறித்த துண்டு அவன் தாடைக்குக் கீழே போயிற்று. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

நீங்கள் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை என்று தெரியும். பாய் விபத்து என்றுதான் சொல்லியிருக்கிறார். அண்ணி என் தோளில் சாய்ந்துதான் அழுகிறார். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நேற்று உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் கையெழுத்துக்கு ஒரு காகிதம் நீட்டினார். அதில் இறந்தவர் அனுபவமுள்ள மெக்கானிக் என்று எழுதியிருக்கிறது. உடனிருந்தவர் தங்கை அறிவுமதி, தொழில் வீட்டு வேலை.

கோபத்தில் வந்து பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபமே இல்லை. தப்பாக எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். அவனுக்கு ஒரு பேரிங் கழற்றத் தெரியாது, மேடம். அந்தக் கொட்டகையில் நடந்த எல்லா வேலையும் நான் பார்த்தது. இதுவும் நான் பார்த்ததுதான். திருத்தி எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தொழில் என்கிற இடத்தில் மெக்கானிக் என்று போடுங்கள்.