பேட்டரிக்கு வைத்த பொட்டு

வெள்ளிக்கிழமை காலை கார் ஷெட்டில் இருந்தவர்கள்: அண்ணன் நெடுஞ்செழியன், அண்ணி கனிமொழி, அண்ணியின் அம்மா தெய்வநாயகி, நான், ஒரு புது பேட்டரி.

எனக்குத் தூக்கம் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் நியாயமாகத் தெரியும்.

களம்பூர் அரிசி ஆலையில் நைட் ஷிஃப்ட் வேலையை விட்டுவிட்டு வந்தவன் நான். அண்ணன் மேனேஜரிடம் கெஞ்சி மறுபடி இடம் வாங்கினார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் போய் நிற்காவிட்டால் வேறு ஆள். பஸ்ஸில் அனுப்பினால் பாதி வழியில் இறங்கிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். பைக் என்றால் ரயில்வே கேட்டில் இறங்குவேன். காரின் பின்கதவில் உள்ளிருந்து திறக்க முடியாத சைல்டு லாக் இருக்கிறது.

ஆகவே கார் வெளியே போகக்கூடாது. அவ்வளவுதான் என் எண்ணம்.

எங்கள் ஷட்டர் ரிமோட்டில் ஏறி இறங்கும். கரண்ட் இல்லாதபோது மோட்டார் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி அதைத் தூக்கும். பழைய பேட்டரி செத்துப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை பராமரிப்புக்காக ஆரணி முழுக்க மின்தடை என்று அறிவித்திருந்தார்கள். முந்தின நாள் அண்ணன் புது பேட்டரியை என்னிடம் நீட்டி, இதையாவது உருப்படியாக மாட்டு என்றார்.

எங்கள் வீட்டில் எந்தப் புதுப்பொருளும் சந்தனம், குங்குமம் வைக்காமல் உள்ளே வராது. கேஸ் சிலிண்டருக்குக்கூடப் பொட்டு உண்டு. அண்ணி பேட்டரியின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். மிச்சத்தை நான் வைத்தேன். ஒயர் மாட்டும் இரண்டு முனைகளிலும் கெட்டியாகப் பூசி, காயவிட்டு, அதற்குமேல் ஒயரை மாட்டினேன். ஷட்டரைக் கையால் சுற்றித் தூக்கும் கம்பியை என் பாய்க்குள் சுருட்டினேன்.

காலையில் கரண்ட் போனது. அண்ணன் ரிமோட்டை அழுத்தினார். ஷட்டர் அசையவில்லை. களம்பூரில் அரிசி மலிவு என்று கிளம்பிய தெய்வநாயகி அத்தை பையோடு காருக்குள் உட்கார்ந்திருந்தாள். இறங்க மறுத்துவிட்டாள்.

அண்ணன் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"சாமிக்குக்கூட நீ இவ்ளோ பூசமாட்டியேடி."

அண்ணி அழுதாள். நான் பக்கத்தில் நின்று, "திட்டாதீங்கண்ணா, பக்தில பண்ணிட்டாங்க" என்றேன். ஆதரவாகத்தான் சொன்னேன்.

பூச்சைச் சுரண்டியும் பேட்டரியில் சார்ஜ் ஏறியிருக்கவில்லை, கையால் சுற்றும் கம்பியும் தேடிக் கிடைக்கவில்லை; மதியம் தாண்டியது. ஆலையில் வேறு ஆளை எடுத்துவிட்டதாக போன் வந்தது. அந்த நிம்மதியில் சோற்றில் கை வைத்தேன். அண்ணி குழம்பு ஊற்ற வந்தவள் அப்படியே நின்றாள்.

"இன்னா தருமா, நகத்துல சந்தனம் வெச்சிகினு சாப்புடுற?"

கம்பியைத் தேடி என் பாயை அவளே பிரித்தாள். கம்பி உருண்டு வந்தது.

அண்ணன் அடிக்கவில்லை. பேட்டரியைக் கழற்றி, கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அண்ணியிடம் நீட்டினார். தறிக்காரர்களிடமிருந்து அவர் வியாபாரத்துக்கு ராத்திரியில் புடவை வண்டி வரும்போதெல்லாம், கரண்ட் இருந்தாலும், ஷட்டரை நான்தான் சுற்றித் தூக்க வேண்டும் என்றார்.

"பேட்டரிக்கு பதிலா இவனே இருக்கட்டும். பகல்லயும் வண்டி வரும், தூங்கிடாத."

அண்ணி என் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். நியாயமான குடும்பம்.

எப்படியோ, நைட் ஷிஃப்டிலிருந்து தப்பித்துவிட்டேன். கம்பியோடு ஷெட்டுக்குள் உட்கார்ந்து இதைச் சொல்கிறேன். அண்ணி வெளியே போய், ஷெட்டின் பக்கக் கதவைச் சாத்திப் பூட்டினாள்.